அண்ணன் தருகிற காசும் வங்கி கேட்கிற கடிதமும்

கல்லடியிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். அவருக்கும் கணவருக்கும் அரச வேலை. ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீடும் வளவும் 95 இலட்சத்துக்குப் பேசியாகிவிட்டது. பெறுமதியில் நூற்றுக்கு 75 வரை கடன் தருவதாக வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்துக்கு, லண்டனில் இருக்கும் அண்ணன் 20 இலட்சம் தருகிறேன் என்கிறார். அம்மா தன் நகையில் 5 இலட்சம் அளவுக்குத் தருகிறார். சொந்தச் சேமிப்பு 10 இலட்சம். இப்போது வங்கியில், ‘இந்தக் காசு எங்கிருந்து வருகிறது, தருகிறவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்’ என்கிறார்களாம். ‘அண்ணன் தங்கச்சிக்குத் தருவதற்கு என்ன கடிதம்? கூடப்பிறந்தவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா?’ என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கோபம் விளங்குகிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலுமாக இருபது வருசத்துக்கு மேல் கடன் மேசையில் இருந்தவன் நான். இதே கடிதத்தை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவரின் முகம் இப்படித்தான் கறுக்கும். காரணம் இருக்கிறது. வீடு பெண்ணுக்குப் போகும் ஊர் நம்முடையது. தாய் தகப்பன் இருந்த வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின் வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. தங்கச்சிமாருக்குக் கூரை ஏறும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மார் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அது கொடையா கடனா என்று யாரும் கேட்டதில்லை. பழந்தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் ஒரு பொருள் உண்டு. நம் வீடுகளில் இரண்டும் இன்னும் பிரியவில்லை. வங்கியில் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

கடிதத்துக்கு வருமுன் உங்கள் கணக்கைப் பார்ப்போம். அங்கேதான் எனக்குப் பயம்.

95 இலட்சத்தில் காற்பங்கு ஏறக்குறைய 24 இலட்சம். உங்களிடம் சேருவது 35. மிச்சம் 11 இலட்சத்தில் மதிலும் கேற்றும் போட்டுப் பெயின்ட்டும் அடிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் வங்கி நீங்கள் பேசிய விலையைப் பார்ப்பதில்லை. தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் வளவைச் சுற்றி நடந்து, சுவரில் தட்டிப் பார்த்து, பாதையின் அகலத்தைக் குறித்து, பக்கத்துக் காணிகள் எவ்வளவுக்குப் போனது என்று விசாரித்து ஒரு தொகை எழுதுவார். அது பேசிய விலையைவிடக் குறைந்திருப்பதுதான் வழக்கம். 80 இலட்சம் என்று எழுதினார் என்று வையுங்கள். அதில் 75 வீதம் 60 இலட்சம். அப்போது நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 24 அல்ல, 35 இலட்சம். அதோடு உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 95 இலட்சத்துக்கு 3,79,000 ரூபா. பிறகு நொத்தாரிசின் கூலி, ஈட்டு முறிச் செலவு, மதிப்பீட்டுக் கூலி, காப்புறுதி. ஆகமொத்தம் 40 இலட்சம் கையில் வேண்டும். பெயின்ட்டை விடுங்கள், 5 இலட்சம் துண்டு விழுகிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அண்ணனிடம் இரண்டாம் முறை கேட்பது முதல் முறையைவிடக் கஷ்டம். அதுவும் முற்பணம் கொடுத்து, வாய் கொடுத்து, ஊருக்குச் சொன்ன பிறகு. ஆகவே மதிப்பீட்டை முதலில் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தொகை வந்த பிறகு அண்ணனோடு கதையுங்கள். முற்பணம் கொடுப்பதாயிருந்தால் நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்ப வரும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். காசைக் கையில் கொடுக்காமல் உங்கள் கணக்கிலிருந்து காசோலையாகக் கொடுங்கள். பிறகு ‘நான் என் பங்கைப் போட்டுவிட்டேன்’ என்று வங்கிக்குக் காட்ட அதுதான் சாட்சி.

சரி, கடிதம். வங்கிக்கு உங்கள் அண்ணன்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. அதன் தலையில் ஓடுவது மூன்று கேள்வி.

முதலாவது, இது மெய்யாகவே அன்பளிப்பா, இல்லை மாதாமாதம் திருப்பிக் கொடுக்கிற காசா? 60 இலட்சத்தை 20 வருசத்துக்கு, 12 வீத வட்டிக்கு எடுத்தால் மாதத் தவணை 66,000 ரூபாவைத் தாண்டும். இரண்டு சம்பளத்திலும் அதைக் கழித்த பிறகு நீங்கள் சாப்பிட வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கடன் தருவார்கள். இதற்குள் அண்ணனுக்கும் மாதம் 20,000 கட்டுகிறீர்கள் என்றால் கணக்கு உடைந்துவிடும். மற்ற வங்கிகளில் நீங்கள் எடுத்த கடனெல்லாம் கடன் தகவல் பணியகத்தின் ‘கிரிப்’ அறிக்கையில் வந்துவிடும். அண்ணனிடம் வாங்கியது அதில் வராது. அதனால்தான் எழுத்தில் கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி சட்டத்திலிருந்து வருகிறது. படித்தவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் 84 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, இன்னொருவர் பெயரில் ஆதனம் எழுதப்பட்டு, காசு கொடுத்தவர் அதை மற்றவரின் நன்மைக்காகக் கொடுக்கவில்லை என்று தெரியவந்தால், பெயரில் வைத்திருப்பவர் அந்த ஆதனத்தைக் காசு கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார் என்றாகும். உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும் ‘என் காசில் வாங்கிய வீடு, அதில் எனக்குப் பங்கு உண்டு’ என்று அண்ணன் ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. உங்கள் அண்ணன் போகமாட்டார். சரி. ஆனால் இருபது வருசம் நீளமானது. அண்ணனுக்குக் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் வளர்வார்கள், மனிதர்கள் பிரிவார்கள், இறப்பார்கள். ஈடு பிடித்த வங்கிக்கு அந்த வழக்கில் சிக்க விருப்பமில்லை. ‘திருப்பித் தரத் தேவையில்லை, ஆதனத்தில் உரித்துக் கோரமாட்டேன்’ என்ற இரண்டு வரி அந்தக் கதவைச் சாத்துவதற்குத்தான். உண்மையைச் சொன்னால் அது வங்கியைவிட உங்களைத்தான் கூடுதலாகக் காப்பாற்றுகிறது.

மூன்றாவது, காசு வந்த பாதை. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் இடறுவது அங்கேதான்.

வெளிநாட்டுக் காசு என்றால் நம் ஆட்களுக்கு உடனே வாயில் வருவது உண்டியல். அங்கே ஒருவரிடம் பவுணைக் கொடுத்தால் இங்கே ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து வட்ஸ்அப்பில் வந்த இலக்கத்தைக் கேட்டுவிட்டு, படலையடியில் நின்றபடியே காசை எண்ணித் தருவான். போம் இல்லை, கியூ இல்லை. 2021 இல் டொலருக்கு வங்கி விலை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தபோது உண்டியலில் அதைவிட நன்றாகக் கூடக் கிடைத்ததால், அதுவரை வங்கியால் அனுப்பியவர்களும் மாறினார்கள். 2022 மார்ச்சில் ரூபாவைத் தளரவிட்ட பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. உண்டியல் அனுமதியில்லாத வழி என்பது ஒரு பக்கம். உங்கள் விசயத்தில் அதைவிடப் பெரிய பிரச்சினை, அது எந்தத் தடமும் விடாது. அண்ணன் லண்டனில் ஓவர்டைம் செய்து நேர்மையாக உழைத்த காசு, ஆரையம்பதிப் படலைக்கு வந்து சேரும்போது யாருடையது என்றே தெரியாத ரொக்கமாகிவிடுகிறது.

ஒரு ஐயா என் மேசைக்கு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. துணிக்கடைப் பை ஒன்று, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பழைய துவாய். துவாயை விரித்தால் ஐயாயிரம் ரூபாத் தாள், நூறு நூறாக றப்பர் பட்டி போட்ட நாலு கட்டு. இருபது இலட்சம். பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. அலுமாரியில் சேலைக்கடியில் மூன்று மாதம் இருந்ததாம். ‘மகன் அனுப்பினது தம்பி, மகளின்ட வீட்டுக்கு’ என்றார். எப்படி அனுப்பினார் என்று கேட்டேன். மேலே மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது, அவருக்கும் எனக்கு விளங்கியது விளங்கிவிட்டது. அன்று அந்தக் காசை எண்ணி வைப்புச் செய்யலாம், அதில் தடையில்லை. ஆனால் மகளின் கடன் கோப்பில் ‘சொந்தப் பங்கு’ என்று அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

இதில் ஒரு விசயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி, 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் ரொக்கமாக வந்தாலும் மின்னியல் வழியாக வந்தாலும், வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். பெயரைக் கேட்டால் பொலிஸ் வந்து கதவைத் தட்டும் போலத்தான் இருக்கும். அப்படி ஒன்றுமில்லை. அது வழமையான அறிக்கை, உங்கள்மேல் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் இதைக் கேள்விப்பட்டு, ‘ஒன்பது இலட்சமாகப் பிரித்து மூன்று நாளில் போடு’ என்று யோசனை சொல்வதற்கு ஊரில் ஒரு ஆள் கட்டாயம் இருப்பார். கேட்காதீர்கள். எல்லைக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்துப் போடுவதுதான் உண்மையில் சந்தேகத்தைக் கிளப்பும். ஒரே தொகையாக, பெயரோடு வந்த 20 இலட்சம் ஒரு மாதிரியான கேள்வியையும் எழுப்பாது.

ஆகவே அண்ணன் தன் பெயரில் இருக்கும் அங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் இருக்கும் இங்குள்ள கணக்குக்கு நேரே அனுப்பட்டும். நண்பனின் கணக்கால் வேண்டாம், உங்கள் மாமாவின் கணக்குக்கும் வேண்டாம். காரணம் கேட்கும் இடத்தில் ‘தங்கைக்கு வீடு வாங்க அன்பளிப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதட்டும். அனுப்பிய சிட்டையின் பிரதி, இங்கே வந்து சேர்ந்ததற்கு உங்கள் வங்கி தரும் அறிவித்தல், இரண்டையும் கோப்பில் வையுங்கள். கடனுக்கு விண்ணப்பிக்கச் சில மாதம் முந்தியே அனுப்பினால் நல்லது. வங்கிகள் பெரும்பாலும் ஆறு மாதக் கணக்குக்கூற்றைக் கேட்கும். விண்ணப்பத்துக்கு முந்தின கிழமை திடீரென்று ஒரு பெருந்தொகை ஏறியிருந்தால் கேள்வி கூடும், பழைய தொகையாக இருந்தால் குறையும்.

ஏற்கெனவே உண்டியலால் வந்துவிட்டது என்றால்? பொய்க் கடதாசி தயாரிக்காதீர்கள். ‘நெல் விற்ற காசு’ என்று கிராம உத்தியோகத்தரிடம் எழுதி வாங்கலாம் என்பார்கள். இரண்டு ஏக்கர் வயல்காரர் ஒரு போகத்தில் இருபது இலட்சத்துக்கு நெல் விற்க முடியாது என்பது இந்த ஊரில் கடன் மேசையில் இருக்கிற யாருக்கும் தெரியும். அந்தக் காசை வீட்டுச் செலவுக்கும் பிறகு திருத்த வேலைக்கும் வைத்துக்கொண்டு, கடன் கோப்பில் காட்டுவதற்கு அண்ணனிடமிருந்து வங்கி வழியாகப் புதிதாக ஒரு தொகை வரமுடியுமா என்று பாருங்கள். அது முடியாவிட்டால் கடன் அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சில வேளை கடன் தொகையைக் குறைத்துத் தருவார்கள், சில வேளை காத்திருக்கச் சொல்வார்கள். பொய் பிடிபட்டால் இரண்டும் கிடையாது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், உங்கள் வங்கியிடம் மாதிரிப் படிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

‘இன்ன கடவுச்சீட்டு இலக்கமுடைய, லண்டனில் இன்ன விலாசத்தில் வசிக்கும் நான், என் உடன்பிறந்த தங்கையான இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய இன்னாருக்கு, இன்ன இடத்திலுள்ள வீட்டை வாங்குவதற்காக, 20,00,000 (இருபது இலட்சம்) ரூபாவை இன்ன திகதியில் இன்ன கணக்கிலிருந்து அனுப்பியுள்ளேன். இது என் சம்பளச் சேமிப்பிலிருந்து தரப்பட்டது. இது அன்பளிப்பு, கடன் அல்ல. இதைத் திருப்பித் தருமாறு நானோ என் உரித்தாளிகளோ கேட்கமாட்டோம். இவ்வாதனத்தில் எவ்வித உரித்தோ பங்கோ எனக்கில்லை.’

கீழே கையெழுத்து, திகதி. இங்கே இருப்பவர் தருவதாயிருந்தால் இதையே சத்தியக்கடதாசியாக எழுதி சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்டால் போதும். அண்ணன் அங்கே இருப்பதால், அங்குள்ள நொத்தாரிசிடம் உறுதிப்படுத்த வேண்டுமா, லண்டனிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் செய்ய வேண்டுமா, வெறும் கையெழுத்தும் கடவுச்சீட்டுப் பிரதியும் போதுமா என்பதை உங்கள் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி மாறும். ஒரு முறை செய்த பிறகு மறுபடியும் அவரை லீவு போட வைக்காதீர்கள்.

அவருக்கு இதெல்லாம் புதிதாகவும் இருக்காது. இங்கிலாந்தில் வீட்டுக்கடனுக்குப் பெற்றோர் காசு தந்தால் இதே கடிதத்தைத்தான் அங்குள்ள வங்கியும் சொலிசிட்டரும் கேட்பார்கள்: திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் பங்கு இல்லை, காசு வந்த வழி இது. அவர் பக்கத்து வரி பற்றிப் பயந்தால் இதைச் சொல்லுங்கள்: அங்கே அன்பளிப்பு வாங்குபவருக்கு அதற்கென்று வரி இல்லை. கொடுப்பவருக்கு வருசத்துக்கு 3,000 பவுண் வரை முழு விலக்கு. அதற்கு மேல் கொடுத்தால், கொடுத்து ஏழு வருசத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் மரண உரித்து வரிக் கணக்கில் அது சேர்க்கப்படும். அதிலும் பெரிய விலக்கு எல்லை ஒன்று இருக்கிறது. நம் அண்ணன்மாரில் அதுவரை போகிறவர்கள் குறைவு.

அம்மாவின் நகை. இதில் நீங்கள் எழுதியது எனக்கு விளங்கவில்லை: விற்றுத் தருகிறாரா, ஈடு வைத்துத் தருகிறாரா? விற்றால் அது அன்பளிப்பு. கடையில் பில் வாங்கி, காசை அம்மாவின் கணக்கில் போட்டு, அங்கிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றி, மேலே உள்ள மாதிரி ஒரு சத்தியக்கடதாசி. ஈடு வைத்தால் அது கடன், அம்மாவின் பெயரில் இருந்தாலும் வட்டி கட்டப்போவது நீங்கள்தான். 66,000 ரூபாவுக்கு மேல் அதையும் சுமப்பீர்கள். 2022 கடைசியில் புதிய கடன்களின் வட்டி 20 வீதத்தைத் தாண்டி நின்றபோது, வட்டி மாறும் கடன் எடுத்தவர்கள் தவணையைக் கேட்டுத் தலையில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் கடைசியாகக் கைகொடுக்க அந்த நகை அலுமாரியில் இருக்கட்டும் என்பது என் கருத்து. இந்த 5 இலட்சத்துக்கு விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேச முடியுமா என்று பாருங்கள். சீட்டு எடுத்துப் போடும் யோசனை இருந்தால், எடுத்த சீட்டும் கடன்தான்.

இந்தப் பதிலை வேறு சிலரும் வாசிப்பார்கள் என்பதால், காசுக்குப் பதிலாகக் காணி தருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டங்களில் அதுதான் அதிகம். அப்பா வளவைத் தருகிறார், மகள் அதில் வீடு கட்டக் கடன் எடுக்கிறார். காணியின் பெறுமதி உங்கள் பங்காகக் கணக்கில் சேரும், நல்லது. ஆனால் நன்கொடை உறுதிக் காணியை ஈடாகப் பிடிக்க வங்கிகள் தயங்கும். எங்கள் பக்கத்தில் பெற்றோர் எழுதிக் கொடுக்கும்போது சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் அவர்களும் ஈட்டில் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது சீவிய உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எண்பது வயது அம்மாவிடம் ‘நீங்கள் சாகுமட்டும் இருக்கிற உரிமையை விடுங்கள்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடித்த வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. முடிந்தால் அவர்களையும் ஈட்டில் சேர்த்துக்கொள்ளும் வங்கியைப் பாருங்கள்.

பெற்றவர் நன்றி கொன்றால் நன்கொடையைத் திரும்பப் பெறலாம் என்ற விதியும் உண்டு. மீளப்பெற முடியாதது என்று எழுதிய உறுதியையும், மோசமான நன்றிகெட்ட செயலைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இரத்துச் செய்யலாம். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே வந்தது. உறுதியில் பெறுபவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று ஒப்பமிட்டிருக்கவும் வேண்டும். அது விடுபட்ட பழைய உறுதிகள் எவ்வளவோ. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் தரும் நன்கொடைக்கு ஹிபா என்ற இஸ்லாமியச் சட்ட முறை பொருந்தும். அங்கே உறுதியில் ‘மீளப்பெற முடியாதது’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் அது அப்படிக் கொள்ளப்படும் என்று 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நொத்தாரிசு அந்தச் சொல்லை விட்டுவிட்டால் வங்கி கோப்பைத் திருப்பி அனுப்பும்.

அம்பாறைப் பக்கம் குடியேற்றக் காணிகளில், அரசு தந்த பெர்மிட் காணியோ அளிப்புக் காணியோ என்றால், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மகளுக்கு எழுதியது செல்லாது, ஈடு வைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. முதலில் பிரதேச செயலகம், பிறகு வங்கி.

இன்னொரு சின்ன விசயம், சிரிக்காதீர்கள்: மாப்பிள்ளை எந்த ஊர் என்று வங்கிச் சட்டத்தரணி கேட்பார். மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம். மனைவி தன் சீதன வீட்டைத் தன் கையெழுத்தில் ஈடு வைக்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரைக் கல்யாணம் செய்திருந்தால், அந்தக் கல்யாணம் இருக்கும்வரை மனைவிக்கும் தேசவழமை பொருந்தும், கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அம்மா தந்த வீட்டுக்கு அவர் கையெழுத்தா என்று ஒரு அக்கா என்னோடு சண்டை பிடித்தார். சட்டத்தை நான் எழுதவில்லை என்று சொல்லித் தப்பினேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது: அண்ணனின் பெயரையும் உறுதியில் சேர்த்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி, அப்படிச் செய்யலாமா? அவர் பிரித்தானியப் பிரஜையாகி இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டுவிட்டார், இரட்டைப் பிரஜாவுரிமையும் எடுக்கவில்லை என்றால், வெளியாரிடம் வாங்கும் இந்தக் காணியில் அவர் பெயரைப் போட முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் போடலாம். ஆனால் அப்போது அவர் தந்தது அன்பளிப்பு இல்லை, பங்கு. ஈட்டிலும் அவர் கையெழுத்து வைக்க வேண்டிவரும், கடிதமும் மாறும், கடனின் பொறுப்பும் அவர்மேல் விழும். தவணை தவறினால் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கில்லாமலே ஏலம் போடும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. அவருடைய பங்கும் சேர்ந்தே போகும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘அண்ணா, இது எனக்குத் தருகிறதா, பிறகு திருப்பித் தர வேண்டியதா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். திருப்பி வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதில் பிழை ஒன்றுமில்லை. அந்தக் கடனை மறைக்காமல் வங்கிக்குச் சொல்லி, சின்ன வீடாகப் பாருங்கள். வெளியில் அன்பளிப்பு என்று கடிதம், உள்ளுக்குள் கடன் என்று பேச்சு, இந்த இரண்டு கணக்கு மட்டும் வேண்டாம். ஐந்தாறு வருசத்தில் அவர் ‘காசைத் தா’ என்பார், நீங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டுவீர்கள், சட்டப்படி நீங்கள் வெல்வீர்கள், பிறகு அம்மாவின் திதிக்கு யார் யாரோடு இருந்து சாப்பிடுவது?

மச்சாளும் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அண்ணனுக்குக் கோல் எடுங்கள். அது அந்த வீட்டுக் காசு, அவருக்கும் தெரிந்து வரட்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணி என்றால் அங்கே பின்னேரம் மூன்றரை, கோடை காலமென்றால் நாலரை. சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள்.